எட்டு ரூபாய்ச் சரக்கும் ஐம்பத்தைந்து ரூபாய்ப் புண்ணாக்கும்: தொழுவம் கேள்வி–பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான்: தீவன மூட்டை விலை. பால் விலையைக் கூட்ட வேண்டும் என்றால் வருஷக்கணக்கில் கூட்டம் போட வேண்டியிருக்கிறது. தவிட்டுக்கடைக்காரர் கூட்டம் எதுவும் போடாமலே கூட்டிவிடுகிறார். ஆகவே சினை பிடிக்காதது, உண்ணி, மடிவீக்கம் எல்லாவற்றையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். ஆலை, பேக்கரி, சந்தை, ஓட்டல் இங்கெல்லாம் மிஞ்சுவதை மாட்டுக்குப் போடுவது பற்றி வந்தவற்றுக்கு மட்டும் இப்போது பதில்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். இப்போது செக்கானூரணிப் பக்கம் சொந்தமாகத் தொழுவம் வைத்திருக்கிறேன். கீழே வரும் விலைகள் கணக்குப் போட வசதியாக எழுதியவை. உங்கள் ஊர் விலையை அதே இடத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு கலப்பின மாடு வைத்திருக்கிறேன். பீர் கம்பெனிக் கழிவை கிலோ 8 ரூபாய்க்கு வீட்டு வாசலிலேயே இறக்கித் தருவதாக ஒருவர் நடையாய் நடக்கிறார். கடலைப் புண்ணாக்கு 55 ரூபாய் விற்கிறது. "எட்டு எங்கே, அம்பத்தஞ்சு எங்கே" என்று என் வீட்டுக்காரர் குதிக்கிறார். வாங்கலாமா ஐயா?
– வாசகி, திருமங்கலம்

உங்கள் வீட்டுக்காரரை உட்காரச் சொல்லி, ஒரு காகிதமும் பேனாவும் கொடுங்கள் தாயி. அந்த எட்டு ரூபாயில் என்ன வாங்குகிறோம் என்று முதலில் பார்ப்போம்.

பீர் கழிவு என்பது முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்துச் சாறு எடுத்துக்கொண்டபின் மிஞ்சும் சக்கை. நல்ல சரக்குதான், போதையெல்லாம் அதில் கிடையாது. சாறு புளித்துச் சாராயமாவதற்கு முன்பே சக்கை வெளியே வந்துவிடுகிறது. ஆனால் ஈரமாக வருவதில் 100 கிலோவுக்கு 75 முதல் 80 கிலோ வரை தண்ணீர். காய்ந்த சரக்கு 22 கிலோ என்று வையுங்கள். எட்டு ரூபாயை 0.22 ஆல் வகுத்தால், காய்ந்த சரக்கு ஒரு கிலோ 36 ரூபாய் ஆகிறது. எட்டு ரூபாய் எங்கே போயிற்று பாருங்கள்!

இத்தோடு கணக்கு முடியவில்லை. பீர் கழிவையும் புண்ணாக்கையும் நாம் வாங்குவது புரதத்துக்காக. பீர் கழிவின் காய்ந்த சரக்கில் புரதம் சுமார் 26 சதவீதம். அப்படியானால் ஒரு கிலோ புரதம் நமக்கு 140 ரூபாய்க்கு வருகிறது. கடலைப் புண்ணாக்கில் ஈரம் 8 சதவீதம்தான். காய்ந்த சரக்கு கிலோ 60 ரூபாய். அதில் புரதம் சுமார் 45 சதவீதம். ஒரு கிலோ புரதம் 133 ரூபாய். 'விலை கூடின' புண்ணாக்குதான் புரதக் கணக்கில் மலிவு!

அதற்காக பீர் கழிவை ஒதுக்கச் சொல்லவில்லை. பேரம் பேசுங்கள். ஆறு ரூபாய்க்கு இறங்கினால் ஒரு கிலோ புரதம் 105 ரூபாய்க்கு வந்துவிடும், அப்போது தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது வண்டியிலிருந்தே ஒரு பிடி அள்ளி, இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் பால்போலச் சாறு ஒழுகி, கையில் கொஞ்சம் சக்கைதான் மிஞ்சுகிறது என்றால் 22 கூட இல்லை, தண்ணீரை எடை போடுகிறார். உருண்டையாக நின்று, கையை விரித்ததும் மெதுவாக உதிர்ந்தால் சரியான பக்குவம். வாசனை வறுத்த தானியம்போல இருக்க வேண்டும். காடி வாடை மூக்கைக் குத்தினால் லாரியிலேயே பல நாள் கிடந்திருக்கிறது. திருப்பி அனுப்புங்கள்.

நம் வெயிலுக்கு அது மூன்று நான்கு நாள்தான் தாங்கும். மிச்சத்தை பிளாஸ்டிக் டிரம்மில் காற்றுப் புகாமல் மிதித்து அமுக்கி, வாயை பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டினால் சில வாரம் கூடுதலாக வரும். கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பத்து கிலோவுக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்புச் சத்து அதில் குறைவு, ஆகவே தாது உப்பை நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு சின்ன வேண்டுகோள். இந்த வகுத்தல் கணக்கை தொழுவச் சுவரில் கரியால் எழுதிவையுங்கள்: கிலோ விலையைக் காய்ந்த சரக்கின் பங்கால் வகுக்க வேண்டும். பீர் கழிவு, மரவள்ளித் திப்பி, மாம்பழக்கூழ் ஆலைத் தோல், முட்டைக்கோஸ் இலை, எது வந்தாலும் அதேதான்.

மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் முட்டைக்கோஸ் மேலிலை, காலிஃபிளவர் தழை மலைபோலக் கிடக்கிறது. காசே இல்லை, அள்ளிக்கொள்ளச் சொல்கிறார்கள். குட்டியானை வண்டிக்கு மட்டும் ஒரு நடைக்கு 600 ரூபாய். தினம் எடுத்து வரலாமா?
– வாசகர், ஒத்தக்கடை

முதலில் அதே கணக்கு. ஒரு நடைக்கு 500 கிலோ ஏற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தழையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். காய்ந்த சரக்கு 50 கிலோ. 600 ரூபாயை 50 ஆல் வகுத்தால் கிலோ 12 ரூபாய். காசு கொடுத்து வாங்கும் எந்தப் பசுந்தீவனத்தோடும் போட்டி போடக்கூடிய விலை. புரதமும் வைக்கோலைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே லாபம்தான், ஆனால் 500 கிலோவைத் தின்று தீர்க்க மாடு வேண்டும். இரண்டு மாட்டுக்கு இரண்டு நாளைக்கொரு நடை போனால், பெரும்பகுதி அழுகி உங்கள் வாசலில் ஈ மொய்க்கும். பக்கத்துத் தொழுவக்காரர் இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து வாடகையைப் பங்கு போடுங்கள்.

அளவு முக்கியம். கோஸ் வகைத் தழையில் இருக்கும் சில பொருள்கள் தைராய்டு சுரப்பியை மட்டுப்படுத்தும். நாள்கணக்கில் வயிறு முட்டத் தின்றால் ரத்தச் சிவப்பணு உடைந்து மூத்திரம் சிவக்கும், சோகை பிடிக்கும். பெரிய மாட்டுக்கு நாளைக்குப் பத்து கிலோவுக்குள் நிறுத்துங்கள், கூடவே வைக்கோல் கட்டாயம். வந்ததும் விரித்துப்போட்டு ஒரு பொழுது வாடவிடுங்கள். பால் கறந்தபின் போடுங்கள், கறப்பதற்கு முன் போட்டால் பாலில் வாடை ஏறும், டீக்கடைக்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

பூச்சிமருந்து அதிகம் படிவது அந்த மேலிலையில்தான். தொட்டித் தண்ணீரில் அலசாமல் போடாதீர்கள். அலசும்போதே ரப்பர் பேண்டு, சணல், பாலித்தீன் எல்லாம் மேலே மிதந்து வரும். ஒரு பாலித்தீன் பை மாட்டின் வயிற்றுக்குள் போனால் அது கரையவும் கரையாது, வெளியே வரவும் வராது. வயிற்றைக் கிழித்துக் கூடைக்கணக்கில் அள்ளிய அறுவைச் சிகிச்சைகளை உடனிருந்து பார்த்திருக்கிறேன். அந்த நாற்றம் சட்டையை விட்டுப் போகவே போகாது.

மார்க்கெட்டில் வெங்காயமும் ஓசியாகத்தான் கிடைக்கும். அதைத் தொடாதீர்கள். வெங்காயம் மாட்டின் ரத்தத்தை உடைக்கும். ஆடு ஓரளவு தாங்கும், மாடு தாங்காது. பச்சை பிடித்த, முளைவிட்ட உருளைக்கிழங்கும் வேண்டாம்.

அப்படியானால் பூ மார்க்கெட்டில் மிஞ்சும் செவ்வந்தி, கேந்தி?
– வாசகி, அவனியாபுரம்

வேண்டாம். பூவை யாரும் தின்னப்போவதில்லை என்பதால், பறிப்பதற்கு முதல்நாள்கூட மருந்து அடிப்பார்கள். முட்டைக் கருவுக்கு நிறம் வரக் கோழித் தீவனத்தில் கேந்திப்பூச் சேர்ப்பார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் அது ஆலையில் பதப்படுத்தி நிறச்சத்தைப் பிரித்தெடுத்துச் சேர்ப்பது. மார்க்கெட் தரையில் கூட்டி அள்ளியது வேறு. உரக்குழிக்குக் கொண்டுபோங்கள், பூச்செடிக்கே திரும்ப எருவாகட்டும்.

வீட்டுப் பக்கத்தில் கல்யாண மண்டபம். முகூர்த்த நாளில் மிஞ்சிய சோறும் பொங்கலும் இரண்டு பக்கெட் கொண்டுவந்து குழுதாடியில் கொட்டினோம். பசுமாடு ஆசையாகத் தின்றது. மறுநாள் அசை போடவில்லை, வயிறு கல்லாட்டம், தண்ணியாகக் கழிச்சல். டாக்டர் வந்து பிழைக்க வைத்தார். சோறு நல்லதுதானே, மனுஷன் சாப்பிட்டதுதானே, ஏன் இப்படி?
– வாசகி, மதுரை புதூர்

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் மாட்டுப்பொங்கல் முடிந்த மறுநாளும் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கு மறுநாளும் கால்நடை மருத்துவமனை வாசலில் இதே கதைதான்.

மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நாம் போடும் வைக்கோலை அவைதான் தின்கின்றன, மாடு அவற்றின் உழைப்பில் வாழ்கிறது. வைக்கோல் மெதுவாகக் கரையும். மாடு அதை அசை போடப் போட எச்சில் ஊறும். அந்த எச்சிலிலேயே சோடா உப்பு உண்டு, அது வயிற்றின் புளிப்பைச் சமன் செய்யும். சோறு அப்படியில்லை. வெந்த மாவுச்சத்து, அசை போட அதில் ஒன்றும் கிடையாது. விழுந்த வேகத்தில் புளிக்கும். சோறு தின்னும் கிருமிகள் ஒரே ராத்திரியில் பெருகி, லாக்டிக் அமிலத்தைக் கொட்டும். நார் தின்னும் கூட்டம் அந்தப் புளிப்பில் செத்துப்போகும். வயிறு அசைவதை நிறுத்திவிடும். அமிலம் உடம்பிலுள்ள தண்ணீரையெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கும். அதனால்தான் ஒருபக்கம் கழிச்சல், இன்னொரு பக்கம் கண் குழி விழுதல். பிழைத்த மாடுகூடச் சில வாரம் கழித்து நொண்டும், புளிப்பு குளம்புவரை போய்ச் சேர்ந்திருக்கும்.

சாணியைப் பார்க்கப் பழகுங்கள். நல்ல சாணி விழுந்தால் வட்டமாக உட்காரும், நடுவில் சின்னப் பள்ளம் விழும், மேலே வளையம் வளையமாகத் தெரியும். புளித்த வயிற்றுச் சாணி தோசைமாவாட்டம் பரவும், மேலே நுரைக்குமிழி நிற்கும், குனிந்தால் காடி வாடை. அப்புறம் அசையை எண்ணுங்கள். மாடு ஓய்வாகப் படுத்திருக்கும்போது தொண்டையிலிருந்து ஓர் உருண்டை மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியும். ஓர் உருண்டைக்கு 50, 60 முறை மெல்ல வேண்டும். 40க்குக் கீழே இறங்கினால் நார் போதவில்லை. இதற்கெல்லாம் பரிசோதனைக்கூடம் தேவையில்லை, திண்ணையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

மறுபடி இப்படி நேர்ந்தால், டாக்டருக்குக் காத்திருக்கும் நேரத்தில் மிச்சச் சோற்றை எடுத்துவிட்டு வைக்கோல் மட்டும் போடுங்கள். சமையல் சோடா 100 முதல் 150 கிராம் வரை ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, தலையை அண்ணாந்து தூக்காமல், கடைவாய் வழியாக மெதுவாகப் புகட்டுங்கள். தலையைத் தூக்கி ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும், அது இதைவிட மோசம். மாடு எழ முடியாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

சரி, மண்டபத்துச் சோறே வேண்டாமா? வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அடுப்படியில் மிஞ்சியதை வாங்குங்கள், இலையில் மிஞ்சியதை வேண்டாம். வடிகஞ்சி, காய்கறித் தோல், அண்டாவின் அடியில் நின்ற வெள்ளைச் சோறு, இவை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். எச்சில் இலைக்கட்டில் பல்குச்சி, டிஷ்யூ பேப்பர், தண்ணீர் பாட்டில் மூடி, ஊறுகாய்ப் பாக்கெட், எலும்பு எல்லாம் இருக்கும். பிரியாணி மிச்சத்தை மாட்டுக்குப் போடவே கூடாது. கறி, எலும்பு சேர்ந்த தீவனத்தைப் பால் தரும் மாட்டுக்குக் கொடுப்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே தடை. பிரிட்டனில் 1986இல் கண்டுபிடிக்கப்பட்ட பைத்தியப் பசு நோய், செத்த மாட்டின் எலும்புத்தூளை மாட்டுக்கே தின்னக் கொடுத்ததால் பரவியது.

வெள்ளைச் சோறு என்றால், பழகிய மாட்டுக்கு ஒரு வேளைக்கு அரைக்கிலோ, ஒரு கிலோ. அதையும் தவிட்டோடு பிசைந்து, வயிற்றில் வைக்கோல் விழுந்தபின். மிச்சத்தை வெயிலில் காயப்போட்டு வையுங்கள், கோழிக்காவது ஆகும்.

தெரிந்த பேக்கரி ஒன்றில் விற்காத பன், பிரெட், உடைந்த ரஸ்க் எல்லாம் மூட்டையாகத் தருகிறார்கள். கலப்புத் தீவனத்தை நானே அரைத்துக் கலக்கிறேன். இதை எப்படிச் சேர்ப்பது? எவ்வளவு மிச்சமாகும்?
– பால் பண்ணையாளர், சமயநல்லூர்

வந்த கடிதங்களிலேயே எனக்குப் பிடித்த கடிதம் இது. கேட்கவேண்டியதைக் கேட்டிருக்கிறார்.

பேக்கரி மிச்சம் என்பது மக்காச்சோளத்துக்கு மாற்று, புண்ணாக்குக்கு மாற்று இல்லை. இதை மனதில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ரஸ்க் கிட்டத்தட்ட முழுக்கக் காய்ந்தது. பிரெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈரம். ஆகவே ரஸ்க் 16 ரூபாய் என்றால் பிரெட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள்.

நம் பக்கத்தில் ஓடுகிற ஒரு கலவை: மக்காச்சோளம் 35 கிலோ, கடலைப் புண்ணாக்கு 15, தேங்காய்ப் புண்ணாக்கு 10, தவிடு 25, உளுந்துப் பொட்டோ துவரம் பொட்டோ (பருப்பு உடைக்கும்போது மிஞ்சும் தோலும் நொய்யும்) 12, தாது உப்பு 2, சாப்பாட்டு உப்பு 1. ஆக 100 கிலோ. இதில் மக்காச்சோளத்தை 15 ஆகக் குறைத்து, 20 கிலோ காய்ந்த ரஸ்க் தூளைச் சேர்க்கலாம். ரஸ்க்கிலேயே உப்பு இருப்பதால் சாப்பாட்டு உப்பை அரைக்கிலோவாகக் குறையுங்கள். மக்காச்சோளம் 26 ரூபாய், ரஸ்க் 16 என்றால் 100 கிலோ கலவையில் 200 ரூபாய் மிச்சம், கிலோவுக்கு இரண்டு ரூபாய். ஒரு மாடு ஐந்து கிலோ தின்றால் நாளைக்குப் பத்து ரூபாய். நாலு மாட்டுக்கு மாசம் 1,200. இதில் யாரும் பங்களா கட்டப்போவதில்லை. ஆனால் மாட்டு இன்சூரன்ஸுக்கும் சினை ஊசிக்கும் கையைவிட்டுக் காசு போகாது.

ஒரே நாளில் மாற்றாதீர்கள். கால் கிலோவில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். வயிற்றுக்குள் இருக்கும் அந்தக் கூட்டம் புதுச் சாப்பாட்டுக்குப் பழக அவ்வளவு நாள் எடுக்கும். ஆசைப்பட்டு அளவைக் கூட்டினால் முதலில் விழுவது பாலின் கொழுப்பு. சொசைட்டியில் கொழுப்பையும் எஸ்.என்.எஃப்.பையும் (கொழுப்பு நீங்கலான மற்ற திடச்சத்து) பார்த்துத்தான் காசு. தீவனத்தில் பத்து ரூபாய் மிச்சம் பிடித்துப் பாலில் இருபது ரூபாய் விடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பூசணம் விஷயத்தில் மட்டும் இரக்கமே காட்டாதீர்கள். பிரெட்டில் பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தால், அந்த இடத்தைக் கிள்ளியெறிந்துவிட்டு மீதியைப் போடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவது பூசணத்தின் பூ மட்டும்தான், வேர் உள்ளே முழுக்க ஓடியிருக்கும். பாக்கெட்டோடு தூக்கி எறியுங்கள். பூசணம் பிடித்த மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் வரும் அஃப்ளடாக்சின் என்ற பூசண நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுத்துவிட்டு, பாலிலும் இறங்கும். தீவனத்தில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், பாலில் 0.5 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டு வரம்பு. காய்ச்சினாலும் போகாது.

பேக்கரியில் தருவதை அப்படியே அரவை மெஷினில் போடாதீர்கள். முதலில் களத்தில் கொட்டி, கையால் புரட்டுங்கள். பிரெட் கவரின் வாயைக் கட்டும் சின்னக் கம்பி, கேக்குக்கு அடியில் வைக்கும் வெள்ளித்தாள், மெழுகுத்தாள், ஸ்டேப்ளர் பின், எல்லாம் அதில் இருக்கும். கம்பி வயிற்றைக் குத்தி இருதயம்வரை போன மாட்டை யாராலும் காப்பாற்ற முடியாது. சலித்தபின் அரவைக்குப் போகட்டும், அரவை வாயில் ஒரு காந்தம் கட்டிவையுங்கள். கிரீம் கேக், சாக்லேட் சேர்ந்தவை, தீபாவளிக்குப் பின் வரும் மிக்சர், முறுக்கு இவற்றை ஒதுக்குங்கள். எண்ணெய் அதிகமானால் நார் தின்னும் நுண்ணுயிர் வேலை செய்யாது.

வாடிவாசலுக்குத் தயார் செய்யும் காளை. தினம் பன்னும் பாலும் கொடுத்தால் உடம்பு ஏறுமா?
– இளைஞர், பாலமேடு

ஏறும் தம்பி, தொப்பை ஏறும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிக் கொடுத்து, கண்மாயில் நீச்சல் விட்டு, மண்ணைக் குத்தவைத்து வளர்க்கிற ஊர்க்காரர் என்னிடம் பன் கேட்கிறீர்கள். உங்கள் தாத்தாவிடம் கேளுங்கள். அவர் சொல்வதையே கேளுங்கள்.

உளுந்துப் பொட்டு மூட்டை போன வருஷத்தைவிட மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் மாடு பால் குறைந்துவிட்டது. கலப்படமா?
– வாசகர், கள்ளிக்குடி

மற்றதெல்லாம் ஏறும்போது ஒன்று மட்டும் இறங்கினால் சந்தேகப்பட வேண்டியதுதான். விருதுநகர், மதுரைப் பருப்பு மில்களின் பொட்டு ஒரு காலத்தில் கூட்டிப் பெருக்கித் தள்ளிய சரக்கு. இப்போது அதற்கும் கிராக்கி, ஆகவே உமித்தூளும் கடலைத்தோல் தூளும் அதில் சேர்ந்துவிடுகின்றன. உமியில் மாட்டுக்கு ஒன்றும் இல்லை. அதன் சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, மணலின் அதே சரக்கு.

கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து ஒரு பிடி பொட்டைப் போட்டுக் கலக்கி, கால்மணி நேரம் வையுங்கள். உமித்தூள் மேலே மிதந்து நிற்கும். மணல் அடியில் தனிக்கோடாகப் படியும். நல்ல பொட்டு நடுவில் ஊறி உப்பி, தண்ணீரைக் கலங்கலாக்கும். வாயில் ஒரு சிட்டிகை போட்டு மென்றாலும் தெரியும், பல்லில் நறநறத்தால் மூட்டையைத் திருப்புங்கள். மாசக்கணக்குக்கு மொத்தமாக வாங்குகிறவர் என்றால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பரிசோதனைக்கூடம் இருக்கிறது. அங்கே மாதிரி கொடுத்துப் புரதம், ஈரம், மணல், பூசண நஞ்சு எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு லோடு சரக்கின் விலையோடு பார்த்தால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை.

தவிட்டுக்கும் இதே கண் வேண்டும். எண்ணெய் எடுக்காத தவிடு சில நாளிலேயே சிக்கு வாடை அடிக்கும், அதை மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். மலிவு என்று மாசத்துக்கு வாங்கி அடுக்காதீர்கள்.

வெண்பன்றி வளர்க்கிறேன். ஓட்டல் மிச்சம்தான் தீவனம். கொதிக்க வைக்க வேண்டும் என்கிறார்கள். விறகுச் செலவு யார் தருவது? வெளிநாட்டில் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்களா?
– பண்ணையாளர், வாடிப்பட்டி

வெளிநாட்டுக் கதையையே முதலில் சொல்கிறேன். பிரிட்டனில் 2001இல் கோமாரி வெடித்தது. சரியாகச் சூடாக்காத ஓட்டல் மிச்சத்தைத் தின்ற ஒரு பன்றிப் பண்ணையில் தொடங்கியதாகத்தான் விசாரணையில் முடிவு கட்டினார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று எரித்தார்கள், புதைத்தார்கள். அந்த வருஷமே ஓட்டல் மிச்சத்தைப் பன்றிக்குப் போடுவதற்குத் தடை வந்தது. அதே 2001இல் ஜப்பானில் உணவு மறுசுழற்சிச் சட்டம் அமலுக்கு வந்தது. அவர்கள் தடுக்கவில்லை, முறைப்படுத்தினார்கள். கடை, ஆலை, பள்ளி மிச்சங்களை வகை பிரித்து, சூடாக்கி, புளிக்கவைத்துக் கூழாகப் பன்றிக்குக் கொடுக்கிறார்கள். இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் அடுப்புதான்.

நம் நாட்டில் 2020இல் அசாம், அருணாசலப் பக்கம் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து, பிறகு பல மாநிலங்களுக்கும் பரவியது. மனிதனுக்கு வராது. பன்றிக்கு வந்தால் பண்ணையே காலி, மருந்தும் கிடையாது. வேகாத பன்றிக்கறித் துணுக்கில் அந்தக் கிருமி மாசக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே கொதி வந்தபின் அரைமணி நேரமாவது கிளறிக்கொண்டே கொதிக்க வையுங்கள். பச்சை மிச்சம் வரும் டிரம்மும் வெந்தது வைக்கும் டிரம்மும் தனித்தனி, கரண்டியும் தனி. விறகுக்கு தேங்காய் மட்டை, மரமில் தூள் எது கிடைக்கிறதோ அது. சோழவந்தான் பக்கம் மட்டைக்கா பஞ்சம்? சாம்பார், ஊறுகாய், அப்பள மிச்சத்தில் உப்பு ஏராளம். குடிதண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உப்பு விஷமாகி வலிப்பு வரும்.

விறகுச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டும் லாபம் வந்தால் தொழில் செய்யுங்கள். விறகைக் கணக்கில் சேர்க்காவிட்டால்தான் லாபம் என்றால் அது லாபமே இல்லை.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு புளி உடைக்கிறார்கள். புளியங்கொட்டை மலிவாகக் கிடைக்கும். வெள்ளாட்டுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, உசிலம்பட்டி

கொடுக்கலாம், அப்படியே இல்லை. மேல்தோலில் துவர்ப்பு அதிகம். அது தீவனத்திலுள்ள புரதத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு ஆட்டுக்குத் தராது. மணலில் வறுத்தால் தோல் வெடித்துக் கழன்றுவிடும். உரலில் இடித்துப் புடைத்து, உள்ளேயிருக்கும் வெள்ளைப் பருப்பை மட்டும் குருணையாக உடைத்துக்கொள்ளுங்கள். கலப்புத் தீவனத்தில் பத்துக்கு ஒரு பங்கு போதும். மாவுச்சத்தும் ஓரளவு புரதமும் கிடைக்கும். பசை ஆலைக்காரர்கள் வாங்க வந்துவிட்டால் விலை ஏறிவிடும், ஆகவே புளி சீசனிலேயே வாங்கிக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். மேய்ந்து திரிந்த ஆட்டுக்குத் திடீரென்று இந்த மாதிரிச் செறிவான தீவனம் விழுந்தால் துள்ளுமாரி என்ற குடல் நஞ்சு நோய் வரும். கொழுத்த குட்டிதான் முதலில் சாகும், காலையில் பார்த்தால் விறைத்துக் கிடக்கும். மழைக்கு முன்னால் கால்நடை மருந்தகத்தில் துள்ளுமாரித் தடுப்பூசி போட்டுவிட்டு, அப்புறம் கொட்டையை வறுக்க ஆரம்பியுங்கள்.